கெண்டைக்கால்களின் கவாத்து

பூட்ஸுக்குள் கால்விரல்களை மடக்கு, விரி, மடக்கு, விரி. வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. வெளியே நான் கல், காக்கி உடுத்தின கல், முன்வரிசையின் வலது ஓரத்தில் துப்பாக்கியோடு நட்டு வைத்திருக்கிற செண்பகவல்லி என்கிற கல். உயரமானவள் என்பதால் இந்த ஓரம் எனக்கு. என்னை வைத்துத்தான் வரிசை முழுக்க நேராகிறது, நான் ஒரு விரல்கடை பின்னால் போனால் எல்லோரும் பின்னால் போவார்கள், நான் விழுந்தால், சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், மடக்கு, விரி. பயிற்சி முடித்து நாங்கள் போலீஸ்காரிகளாக வெளியே போகிற நாள் இது. உறுதிமொழி எடுத்தாயிற்று, பரிசு கொடுத்தாயிற்று, மேடையில் தலைமை விருந்தினர் பேசிக்கொண்டிருக்கிறார். பேசுகிறார் என்று சொன்னால் போதாது, பேச்சுக்குள் குடிபோய்விட்டார். 'இன்னும் ஒரே ஒரு விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன்' என்று எத்தனையாவது தடவையோ சொல்கிறார், சொல்லும்போதெல்லாம் பந்தலில் இருக்கிற சனம் கைதட்டுகிறது, அந்தக் கைதட்டலைத் தப்பாக எடுத்துக்கொண்டு அவர் அடுத்ததை ஆரம்பிக்கிறார். பேசுங்கள் ஐயா, உங்களுக்கென்ன, தலைக்கு மேல் நிழல், பக்கத்தில் மின்விசிறி, கையெட்டுகிற தூரத்தில் இளநீர். எங்களுக்குச் சித்திரை வெயில். காலை அகட்டி ஓய்வாக நிற்கிற நிலைதானாம், பேர்தான் ஓய்வு, இமையைத் தவிர எதுவும் அசையக் கூடாது. ஒத்திகை நடந்த அன்றைக்கு இதே இடத்தில், இதே நிலையில்தான் விழுந்தேன். துப்பாக்கி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். எங்களுக்குக் கவாத்து சொல்லிக்கொடுக்கிற துரைப்பாண்டி ஐயாவின் குரல்தான் முதலில் திரும்பி வந்தது, கண் அப்புறம்தான் திறந்தது. "நிக்கத் தெரியாதவ எதுக்குட்டி போலீஸ் வேலைக்கு வந்த? இன்னொரு தடவை விழுந்தன்னு வையி, மெடிக்கல் போர்டுக்கு எழுதிருவேன். லாயக்கில்லைன்னு அங்க ஒரு வார்த்தை போட்டா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரு போய்ச் சேர வேண்டியதுதான்." எழுதுவார். சொன்னதைச் செய்கிற ஆள். இப்போதுகூட எங்கேயோ பின்னால் நின்று என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், பார்க்கட்டும், முதுகில் ஒன்றும் தெரியாது, மடக்கு, விரி.

விழுகிறவள். அதுதான் எனக்கு ஊர் வைத்த பட்டம். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் விழுந்தேன், காலையில் சாப்பிட்டிருக்க மாட்டா என்றார்கள், நான் அன்றைக்கு ஏழு இட்லி தின்றிருந்தேன், சொன்னால் யார் கேட்கிறார்கள். ஆடி மாதம் கோயில் வரிசையில் விழுந்தேன், ஆத்தா இறங்கிவிட்டாள் என்று குலவை போட்டு, குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, வாயில் வேப்பிலையைத் திணித்து, கண்ணைத் திறந்தால் ஒருத்தர் கும்பிட்டபடி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "தாயி, எம் மவனுக்கு வேலை எப்பம் கெடைக்கும்?" தண்ணி என்றேன், தாகத்தில். குடிநீர் வடிகால் வாரியத்தில் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, தெருமுனை தாண்டியதும் யாரோ காதில் ஓதி, அப்படியே போய்விட்டதைச் சிரித்துச் சொல்ல முடியாது. "அந்தப் பிள்ளைக்கு வலிப்பாம்லா." வலிப்பா இல்லையா என்று எனக்கே தெரியாது, அதுதான் பயம். விழுவதுகூட இல்லை, எப்போது விழுவோம் என்று தெரியாமல் இருக்கிறதே, அது ஒரு தனி வாழ்க்கை. நிற்கிற இடத்தில் எல்லாம் சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிற வாழ்க்கை. ரேஷன் கடையில் சுவர், பஸ்ஸில் கம்பி, கல்யாண வீட்டில் தூண். இந்த மைதானத்தில் சுவர் கிடையாது. அம்மா மட்டும் இருக்கிறாள், அதோ பந்தலில் மூன்றாவது வரிசையோ நாலாவது வரிசையோ, திரும்பிப் பார்க்க முடியாது, ஆனால் மடியில் கைப்பையும் பைக்குள் ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கும், அது எனக்குத் தெரியும். எங்கே போனாலும் எனக்காக ஒரு பழம். விழுந்ததும் நகத்தால் கீறி மூக்கில் வைப்பாள், காய்ந்தால் மாற்றுவாள். கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது புடவை, நகை, எலுமிச்சம்பழம். அந்தப் பையை அவள் திறக்கிற சத்தம் கேட்டாலே எனக்குத் தலை சுற்றும். இன்றைக்கும் காலையில் கேட்டுக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "பழம் கொண்டாந்திருக்கேன், பயப்படாத" என்றாள். அம்மா, நீ கொண்டு வந்திருப்பதுதான் அம்மா என் பயம்.

நெஞ்சு அடிக்கிறது. வேகமாக அடிக்கிறது, நல்லது, அடிக்கட்டும், முன்பெல்லாம் இந்த அடிப்பைக் கேட்டால் ஐயோ வந்துவிட்டது என்று உடம்பு வேர்க்கும், இப்போது தெரியும், அது எனக்காகப் பாடுபடுகிற சத்தம். டாக்டர் நிலோபர் சொன்னது. என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும், வெடுக்கு வெடுக்கென்று பேசுகிற ஆள், பயிற்சிப் பள்ளி மருந்தகத்துக்கு வந்து போகிறவர். ஒத்திகையில் விழுந்த மறுநாள் என்னைப் படுக்க வைத்துக் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தார், பிறகு எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார், நிற்க வைத்தே வெகுநேரம் திரும்பத் திரும்பப் பார்த்தார், இன்னும் என்னென்னவோ கேட்டார், கடைசியில் பட்டையைச் சுருட்டிக்கொண்டே, "வலிப்பு இல்ல, பேய் இல்ல, சாமியும் இல்ல. வெறும் ரத்தம்தான்" என்றார். வெறும் ரத்தம்! நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடுமாம், எல்லோருக்கும், பிரதமருக்கும்கூட. கழுத்தில் ரெண்டு பக்கமும் பெரிய ரத்தக்குழாயின் சுவரில் அழுத்தத்தை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். சொட்டுக் குறைந்தாலும் மூளைக்குச் சொல்லும். மூளை உடனே இதயத்தைப் பார்த்து வேகமாக அடி என்று சொல்லும், குழாய்களைப் பார்த்து இறுகு என்று சொல்லும், தலைக்குப் போக வேண்டியது போய்விடும். "நீ கட்டில்ல இருந்து எந்திரிச்சு செருப்பு மாட்டுறதுக்குள்ள இவ்வளவும் நடந்து முடிஞ்சிரும், உனக்குத் தெரியவே தெரியாது." எனக்குள்ளே இப்படி ஒரு நிர்வாகம் நடக்கிறது என்று இருபத்துநாலு வருஷமாக ஒருத்தரும் சொல்லவில்லையே. "அப்ப நான் மட்டும் ஏன் டாக்டர் விழுறேன்?" கேட்டேன். அசையாமல் நின்றால் கீழே போன ரத்தம் மேலே வராது, இதயம் பாதி வயிற்றோடு அடித்து அடித்துப் பார்க்கும், சில பேருக்கு ஒரு கட்டத்தில் எல்லாம் தலைகீழாகி, வேகமாக அடி என்று சொன்ன மூளையே மெதுவாக அடி என்று சொல்லிவிடும், இறுக்கின குழாயையும் தளர்த்திவிடும். "அழுத்தம் விழும், ஆளும் விழும். விழுந்ததும் தலையும் நெஞ்சும் ஒரே மட்டம், ரத்தம் தானா போயிரும், கண்ணு திறந்துரும். புரியுதா? நீ விழலம்மா. உன் மூளை தன்னைக் காப்பாத்திக்க உன்னைப் படுக்க வச்சிருக்கு." அழுதேன். சொல்ல வெட்கமில்லை, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன், பழைய விழுதல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து, நான் விழவில்லை, படுத்தேன், நான் விழவில்லை, படுத்தேன் என்று சொல்லிவிட்டுப் போயின.

அப்புறம் ஒட்டகச்சிவிங்கி. விடுதியில் எனக்கு அந்தப் பேர்தான், துரைப்பாண்டி ஐயா ஒரு நாள் வைத்தது, ஒட்டிக்கொண்டது. டாக்டரிடம் அதையும் சொல்லி, உயரம்தான் என் பீடையா என்று கேட்டேன். உயரமானவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், நெஞ்சிலிருந்து தலை தூரம், கால் அதைவிடத் தூரம் என்றவர், "ஆனா ஒட்டகச்சிவிங்கி குனிஞ்சு தண்ணி குடிச்சிட்டுச் சட்டுனு தலையைத் தூக்குது. அது மயங்கி விழுந்து நீ பாத்திருக்கியா?" என்றார். அதன் ரத்த அழுத்தம் நம்மைப்போல இரண்டு மடங்காம். காலில் தோல் அவ்வளவு இறுக்கமாக, ரத்தத்தைக் கீழே தேங்கவிடாமல் பிடித்திருக்குமாம். "உனக்கு அந்தத் தோல் இல்ல. ஆனா கெண்டைக்கால் இருக்கு. அந்தச் சதை ஒவ்வொரு தடவை இறுகும்போதும் கால் ரத்தத்தைப் பிழிஞ்சு மேல தள்ளும். உள்ள வரிசையா சின்னச் சின்னக் கதவு இருக்கு, மேல்பக்கம் மட்டும்தான் திறக்கும், ஏறினது இறங்காது. முட்டியைப் பூட்டிக்கிட்டு நின்னா அந்தச் சதை தூங்குது. எழுப்பு." விரலை மடக்கு, கெண்டைக்காலை இறுக்கு, தொடையை இறுக்கு, பின்பக்கத்தை இறுக்கு, என்று நிறுத்தி, "சிரிக்காத, அதான் பெரிய சதை" என்றார். உப்பு நன்றாகச் சேர்த்துக்கொள், தண்ணீரைக் குடம் குடமாகக் குடி என்றார். உப்பா! எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பிரஷர் என்று உப்பு நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. அவளுக்கு ஏறுகிற பிரஷருக்காக எனக்கு இறங்குகிற பிரஷரையும் சேர்த்து இறக்கிக்கொண்டிருந்தாள், பாசத்தோடு, ஒரே குழம்பில். அன்றிலிருந்து யாருக்கும் தெரியாமல் கவாத்து பழகினேன், சாப்பாட்டு வரிசையில், ரோல்கால் வரிசையில், பல் தேய்க்கையில். விரல், கெண்டைக்கால், தொடை, மற்றது.

இன்று விடியற்காலையில் விடுதியில் யாரும் உட்காரவில்லை. கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த கால்சட்டையின் மடிப்புக் கலையக் கூடாது, அதற்காக இருட்டிலேயே உடுத்திக்கொண்டு எல்லோரும் நின்றபடியே இருந்தார்கள். நின்றபடியே தலை வாரி, நின்றபடியே பொட்டு வைத்து. தண்ணீர் குடிக்க மாட்டார்கள், குடித்தால் கழிப்பறை போக வேண்டும், போனால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், சட்டை வெளியே வரும், துரைப்பாண்டி ஐயா பார்ப்பார். இடுப்புத் தெரிய வேண்டும் என்று பெல்ட்டில் ஒரு ஓட்டை கூட இறுக்கிக்கொண்டார்கள். ஒத்திகை அன்றைக்கு நானும் அப்படித்தான் நின்றேன், அழகாக நின்று அழகாகச் சரிந்தேன். இன்று நான் கட்டிலில் உட்கார்ந்தேன். உப்புப் போட்ட மோரை ஒரு சொம்பு குடித்து, அதன் மேல் தண்ணீர் குடித்து, பெல்ட்டை அவிழ்த்துக் கழிப்பறைக்கும் போய்விட்டு வந்தேன். எனக்கு இடது பக்கத்தில் நிற்கிற ஜெபக்கனி, நாசரேத்துக்காரி, வாயைப் பிளந்து பார்த்தாள். "ஏட்டி, மடிப்புப் போச்சே! கொலை விழப்போவுது பாரு." "நீயும் குடிட்டி" என்று சொம்பை நீட்டினேன். "எனக்கெல்லாம் ஒண்ணும் செய்யாது. நான் உன்னை மாதிரியா?" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், நல்லவள்தான். துரைப்பாண்டி ஐயா என் தொடையில் விழுந்திருந்த சுருக்கத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், சொல்ல வேண்டியதைச் சாயங்காலத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டார்.

கொட்டாவி வருகிறது. கொட்டாவி. ஐயோ, இது அது. தூக்கம் இல்லாமல் வருகிற கொட்டாவி, எப்போதும் அதுதான் முதலில் வரும், அப்புறம் காதுக்குள் தகரத்தில் மழை பெய்கிற சத்தம், இதோ வந்துவிட்டது. தலைமை விருந்தினர் தூரத்துக்குப் போகிறார், ஒலிபெருக்கி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறது, 'இன்னும் ஒரே ஒரு', மேடையின் சிவப்புத் துணி வெளுத்துச் சாம்பலாகிறது, முதுகில் வேர்வை குளிர்கிறது. தரை அழைக்கிறது. எவ்வளவு பிரியமாக அழைக்கிறது, வா, ஒரு நொடிதான், படுத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறது, பொய் சொல்லவில்லை, சரியாகிவிடும், அப்புறம் மெடிக்கல் போர்டு, அப்புறம் கோவில்பட்டி பஸ், அப்புறம் அந்தப் பிள்ளைக்கு வலிப்பாம்லா. மாட்டேன். மூளையே, நீ பயப்படுகிறாய், எனக்குத் தெரியும், நான் இருக்கிறேன், கொஞ்சம் பொறு. இறுக்கு. கெண்டைக்கால் ரெண்டும் ஒரேயடியாக, கல்லாக, விடு, இறுக்கு. தொடை. பின்பக்கம், பெரிய சதை, சிரிக்காதே, இறுக்கு. முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருக்கிற இடது கையை முஷ்டியாக்கு, நகம் உள்ளங்கையில் ஏறட்டும், வலது கையில் துப்பாக்கியை நெரி, நெரி. கதவுகள் திறக்கட்டும், பாதத்தில் தேங்கிக் கிடப்பதெல்லாம் ஏறட்டும், ஏறு, முட்டி தாண்டு, தொடை தாண்டு, வயிற்றைத் தாண்டு, ஏறினது இறங்காது, டாக்டர் சொன்னார், நெஞ்சே வாங்கிக்கொள், அனுப்பு, இன்னும், இன்னும். சாம்பல் துணி சாம்பலாகவே இருக்கிறது. இறுக்கு. மழை ஓயவில்லை. இறுக்கு. அப்புறம் யாரோ சீலையை விலக்குவது மாதிரி ஒரு ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. சிவப்பு! மேடைத் துணி சிவப்பு, கொடியில் பச்சை, இளநீர் இளநீர் நிறம். காதில் மழை நின்றுபோய் அந்த மனுஷர் பேசுவது சுத்தமாகக் கேட்கிறது, அறுவை, என்ன இனிப்பான அறுவை! வந்தது, திரும்பிப் போய்விட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அது வந்து என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் நிற்கும்போதே திரும்பிப் போகிறது. நின்றேன். நின்றுகொண்டிருக்கிறேன். கத்த வேண்டும்போல இருக்கிறது, கல் கத்தாது, உள்ளே கத்துகிறேன்.

கிணுகிணு என்று ஒரு சத்தம். என் துப்பாக்கி இல்லை. இடது பக்கம், ஜெபக்கனியின் துப்பாக்கி வார் வளையம், இரும்பில் பட்டு மெல்ல நடுங்குகிறது. கண்ணைத் திருப்பக் கூடாது. ஓரக்கண்ணில் அவள் தொப்பி முன்னுக்கும் பின்னுக்கும் போய்வருகிறது. எனக்கெல்லாம் ஒண்ணும் செய்யாது என்றாளே, செய்கிறதே, யாருக்கும் செய்யும், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் முட்டியைப் பூட்டிக்கொண்டு நின்றால் எந்தக் கொம்பனுக்கும் செய்யும். விட்டுவிடலாம். ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது, நீயும் விழுந்து பாரேன் என்று. அந்த நொடி போனதும் வெட்கமாக இருந்தது. உதட்டை அசைக்காமல் பேசப் பத்து மாதப் பயிற்சியில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பின்வரிசைக்காரிகளிடம் நாங்களாகவே கற்றுக்கொண்டது. "ஜெபக்கனி." தொப்பி இன்னும் ஆடுகிறது. "ஏட்டி, பூட்ஸுக்குள்ள விரலை மடக்கு. கெண்டைக்காலை இறுக்கு." வளையம் நடுங்குகிறது. "முடியலட்டி, கண்ணு இருட்டுது" என்று காற்றாக ஒரு குரல். "இருட்டட்டும். இறுக்கு. தொடையை இறுக்கு, பின்னாடி இறுக்கு, துப்பாக்கியை நெரி. விடாத, என்கூடச் செய். இறுக்கு. விடு. இறுக்கு." அவளுக்குச் சொல்லச் சொல்ல என் கால்களும் செய்கின்றன, வெளியே ரெண்டு கற்கள், உள்ளே நாலு கெண்டைக்கால்கள் ஒரே தாளத்தில் கவாத்து பழகுகின்றன, துரைப்பாண்டி ஐயா பார்க்காத கவாத்து. வளையத்தின் சத்தம் மெலிந்தது. நின்றது. கொஞ்சம் கழித்து, "ஏட்டி, சிவிங்கி" என்றாள். "ம்?" "வந்துட்டேன்."

'இத்துடன் என் உரையை' என்றார் அவர், நிஜமாகவே! பந்தலில் கைதட்டல், அவர் இந்தத் தடவை ஏமாறவில்லை. நேராக நில் என்று குரல் வந்தது. முந்நூறு பூட்ஸ் ஒன்றாகத் தரையில் அறைய, முழங்காலுக்குள் அந்த அதிர்வு தேனாக ஏறியது. மைதானத்தை விட்டு வெளியேற நடை. இடது கால். நடக்கிறவர்களுக்குத் தெரியுமா நடப்பது என்னவென்று? ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் பிழிகிறது, ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு நிறைகிறது, பேண்ட் வாத்தியத்தின் பெரிய மத்தளமும் என் நெஞ்சும் யார் முந்தி என்று பார்க்கின்றன, கழுத்துக்குள் எங்கேயோ அந்தக் காவல் இடம் எல்லாம் சரி, எல்லாம் சரி என்று மேலே சொல்லிக்கொண்டே வருகிறது. நாங்கள் எல்லோரும் இன்றைக்குத்தான் காவலுக்கு வருகிறோம், அது நான் பிறந்ததிலிருந்து மாற்று ஆள் இல்லாமல் காவலுக்கு நிற்கிறது, அதற்கு யார் பதக்கம் குத்தினார்கள்? மேடையைக் கடக்கையில் தலையை வலது பக்கம் திருப்பினேன், வணக்கம் அதற்கும் சேர்த்துத்தான். வரிசை என்னைப் பார்த்து நேராக வருகிறது, உயரமாக நடக்கிறேன், இருக்கிற உயரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு நடக்கிறேன், ஒரு அங்குலம்கூட மிச்சம் வைக்கவில்லை.

மைதானத்துக்கு வெளியே வந்து, கலைந்து போகலாம் என்றதும் தொப்பிகள் பறந்தன. துரைப்பாண்டி ஐயா நேராக என்னிடம் வந்தார், காலைச் சேர்த்து நின்றேன். என் கால்சட்டைச் சுருக்கத்தைப் பார்த்தார், பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கிற ஜெபக்கனியைப் பார்த்தார். "வரிசையில ரெண்டு பேரு பேசுன மாதிரி இருந்துச்சு." "ஆமா ஐயா." "என்ன பேசுன?" சொன்னேன், விரல், கெண்டைக்கால், தொடை வரைக்கும், மற்றதைச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு மீசையைத் தடவினார். "அடுத்த பேட்சுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கணும், ஒரு நாள் வா" என்றார். போகும்போது திரும்பி, "நின்னுட்டியேட்டி" என்றார். அந்த மனுஷர் வாயில் அது மாலை போட்டதற்குச் சமம்.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள், கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு, கைப்பையைத் திறந்தபடியே. என் முகம் வேர்த்திருப்பதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பழத்தைக் கீறி என் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், சிரிப்பு நிற்கவில்லை. "நான் விழலம்மா." "தெரியும்ட்டி. கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டுல்லா இருந்தேன்" என்றாள், சொல்லும்போதே அவளுக்கு முகம் உடைந்து கண்ணீர் கொட்டியது. வெட்டவெளியில், கஞ்சி மடமடக்கிற கால்சட்டையோடு, சிவப்பு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "அந்தப் பழத்தைத் தண்ணியில பிழிஞ்சு கொடு. உப்பு நிறையப் போடு." "உப்பா? பிரஷருக்கு ஆகாதே." "உனக்கு ஆகாது. எனக்கு ஆகும்." சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஒரு கை உப்பு வாங்கி வந்து, பயந்து பயந்து போட்டு, கலக்கி நீட்டினாள். பாதியை ஜெபக்கனிக்கு வைத்துவிட்டு மீதியை ஒரே மூச்சில் குடித்தேன். அம்மா பிழிந்த தோலைத் தூர எறிந்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள், பையை மூடினாள்.

"சாயங்காலம் ஊருக்குப் போறதுக்கு வேற பழம் வச்சிருக்கியாம்மா?"

"எதுக்கு?" என்றாள்.